பத்துக் கம்பி, மூன்று பெடல், இரண்டு முட்டி

தைரியநாதனுக்கு வயது நாற்பத்தேழு. அவன் முட்டிகளுக்கு எழுபது இருக்கும். கச்சிராயபாளையத்திலிருந்து கள்ளக்குறிச்சி வரைக்கும் இந்த இருபத்தைந்து வருஷத்தில் எழும்பிய புது வீடுகளில் பாதிக்குத் தரை போட்டவன் அவன்தான் என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள். சரி, கால்வாசி என்று வைத்துக்கொள்ளுங்கள். டைல்ஸ் ஒட்டுகிற வேலையில் மனிதன் நிற்பதுமில்லை, உட்காருவதுமில்லை. காலை ஒன்பது மணிக்கு முட்டி போட்டால் சாயங்காலம் ஆறு மணி வரைக்கும் பின்பக்கமாகவே நகர்ந்துகொண்டிருக்க வேண்டும். கோயிலில் சாமியார்கூட அவ்வளவு நேரம் முட்டி போடுவதில்லை.

போன வருஷம் சித்திரையில் ஒரு நாள் வேலை முடிந்து எழுந்திருக்கப் பார்த்தான், முடியவில்லை. அதே வேலையில் சித்தாளாக இருந்த அவன் மனைவி உபகாரமேரிதான் அக்குளில் கைகொடுத்துத் தூக்கி நிறுத்தினாள். கள்ளக்குறிச்சியில் ஒரு எலும்பு டாக்டரிடம் காட்டினார்கள். அவர் படத்தை விளக்கில் வைத்துப் பார்த்துவிட்டு, "ரெண்டு முட்டியும் தேஞ்சி போச்சிங்க. நாற்காலியில உக்காருங்க, நடங்க. தரையில உக்காந்து எழுந்திரிக்கிற வேலை மட்டும் வேணாம். செஞ்சிக்கினே இருந்தா ரெண்டு வருஷத்துல கட்டில்தான்" என்றார். டாக்டர்களுக்கு என்ன, சொல்லிவிட்டு அடுத்த சீட்டைக் கூப்பிட்டுவிடுவார்கள். தரையில் உட்காராமல் டைல்ஸ் ஒட்டுவது எப்படி என்று அவர் சொல்லவில்லை. மகள் பிரின்சி விழுப்புரத்தில் நர்சிங் இரண்டாம் வருஷம் படித்துக்கொண்டிருந்தாள். அதனால் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மறுநாளே தைரியநாதன் வேலைக்குப் போனான்.

அவனுக்குத் தெரிந்த இன்னொரு வேலை கிடார். தோளில் மாட்டிக்கொண்டு வாசிக்கிற கிடார் அல்ல. மடியில் படுக்க வைத்து, இடது கையால் ஒரு இரும்பு உருளையைத் தந்திகளின் மேல் இழுத்து இழுத்து வாசிப்பது. யாரும் அவனுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. இருபது வயதில் கோயில் பாடற்குழுவில் சும்மா கிடந்த ஒரு பழைய கிடாரை எடுத்து, தந்திகளைத் தூக்கி நிறுத்துவதற்கு ஒரு டைல்ஸ் சில்லை உரசிச் செருகி, பைக் மெக்கானிக் கடையிலிருந்து ஒரு ஸ்பானர் குழலை வாங்கி உருளையாக்கிக்கொண்டான். அதில் வந்த சத்தம் ஆள் அழுவது போலவே இருந்தது. பெரிய வெள்ளிக்கிழமை அன்று அதைக் கேட்டு ஊரே மூக்கைச் சிந்தியது. பிறகு கள்ளக்குறிச்சி இளமாறன் தன் கச்சேரிக் குழுவுக்கு அவ்வப்போது கூப்பிட ஆரம்பித்தான். ஒரு கச்சேரியில் மூன்று பாட்டு, நான்கு பாட்டு, அவ்வளவுதான். மீதி நேரம் மேடையின் ஓரத்தில் உட்கார்ந்து சோடா குடித்துக்கொண்டிருக்க வேண்டும்.

முட்டி போன சங்கதி தெரிந்ததும் தைரியநாதன் நேராக இளமாறனிடம் போய், என்னை முழு நேரமாகச் சேர்த்துக்கொள் என்று கேட்டான். இளமாறன் அவனைவிடப் பத்து வயது சின்னவன், பாடகன், குழுவின் முதலாளி. வளவளவென்று பேசுகிற ஆள் இல்லை.

"அண்ணா, உங்க பலகையில அழுவுற பாட்டு மட்டுந்தான் வருது. கல்யாணத்துல எத்தினி பேரு அழுவான்? பாட்டுக்குப் பாட்டு சுருதி மாறுது, நீங்க அங்க போயி சேர்றதுக்குள்ள பாட்டே முடிஞ்சிடுது" என்று சொல்லிவிட்டு, போனை எடுத்து ஒரு வெளிநாட்டு வீடியோவைக் காட்டினான். மேஜை மாதிரி ஒன்று. மேலே பத்துத் தந்தி, கீழே தையல் மிஷினுக்கு இருப்பதுபோலப் பெடல்கள், தொடைக்கு நடுவே தொங்குகிற இரும்புத் தகடுகள். ஒரு தொப்பிக்காரர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, பாதத்தால் மிதித்து, முட்டியால் இடித்து, கையால் இழுத்து வாசித்துக்கொண்டிருந்தார். தந்திகள் கூட்டாகச் சேர்ந்து ஏறின, இறங்கின. "இந்த மாதிரி ஒன்னு இருந்தா கொண்டாங்க. தையிலேர்ந்து ஆடி வரைக்கும் ஒரு கச்சேரி விடாம உங்களுக்கு நாற்காலி போடறேன்" என்றான் இளமாறன்.

தைரியநாதன் வீடியோவில் தொப்பிக்காரரின் விரல்களைப் பார்க்கவில்லை, அவர் உட்கார்ந்திருந்த நாற்காலியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். முட்டி பக்கவாட்டில் அசைந்தால் போதும். மடக்க வேண்டாம், தரையில் ஊன்ற வேண்டாம். இந்தக் கருவி ஒன்று கிடைத்தால் இனி சாகும்வரை தரையில் முட்டி போட வேண்டியதில்லை என்று நினைத்தபோது அவனுக்குக் கண் கலங்கியே விட்டது.

விலையைக் கேட்டதும் கலங்கிய கண் காய்ந்துவிட்டது. நல்ல கருவி ஒன்றின் விலைக்கு ஒரு பழைய காரே வாங்கலாம். முடவன் கொம்புத் தேனுக்கு ஆசைப்பட்ட கதைதான், அதுவும் கல்வராயன் மலையடிவாரத்திலேயே உட்கார்ந்துகொண்டு. பிரின்சிதான் லீவில் வந்தபோது போனில் தேடித் தேடி, புதிதாகக் கற்றுக்கொள்பவர்களுக்கென்று சின்னதாக ஒன்று செய்கிறார்கள், அதில் பழையது ஒன்று பெங்களூரில் விற்பனைக்கு இருக்கிறது என்று கண்டுபிடித்தாள். பத்துத் தந்தி, மூன்று பெடல், முட்டிக்கு நான்கு தகடு. ஒரு கல்யாண மண்டபத்துக்குத் தரை போட்டு வாங்கிய மூன்று மாதக் கூலி அதற்கு வேண்டியிருந்தது. மேரி ஒரு ராத்திரி யோசித்தாள். காலையில், "போயி பாத்துட்டு வாங்க. பாக்குறதுக்கு இன்னா காசா குடுக்கப் போறோம்" என்றாள். அதற்கு, வாங்கிக்கொண்டு வா என்று அர்த்தம்.

பெங்களூரில் விற்றவர் மெல்வின் என்ற கிழவர், ஓட்டல் பேண்டில் முப்பது வருஷம் வாசித்தவர். அரைகுறைத் தமிழில் பேசினார். தைரியநாதன் வெட்கத்தை விட்டுக் கேட்டான்: "ஐயா, இது கத்துக்கிற பசங்களுதாமே. இத வச்சிக்கினு மேடையேறி சம்பாதிக்க முடியுங்களா?"

மெல்வின் சிரிக்கவில்லை. அந்தப் பெட்டியின் வலது கோடியைத் தட்டிக் காட்டினார். அங்கே பத்து இரும்பு விரல்கள் வரிசையாக நின்றன, ஒவ்வொன்றின் மேலும் ஒரு தந்தி வளைந்து கிடந்தது. பெடலை மிதித்தால் அடியிலிருக்கும் கம்பி இழுக்கும், விரல் சாயும், தந்தி இறுகும். "மிதிச்சா ஏறணும். விட்டா பழைய எடத்துக்கே திரும்பி வரணும். அது ரெண்டும் சரியா இருந்தா போதும், மேடைக்குப் போகலாம். மீதி எல்லாம் பாலீஷ். கேக்கறவன் எவனும் கீழ குனிஞ்சி பெடலை எண்ண மாட்டான்" என்றார். நூறு தடவை மிதித்துக் காட்டினார். நூறு தடவையும் தந்தி அதன் இடத்துக்கே வந்து நின்றது. தைரியநாதன் வாங்கிவிட்டான். சேலம் வழியாக இரண்டு பஸ் மாறி அந்தப் பெட்டியைக் கொண்டுவந்து சேர்ப்பதற்குள் அவன் உயிர் பாதி போனது. கச்சிராயபாளையம் பஸ் நிறுத்தத்தில் மேரி சும்மாட்டோடு நின்றிருந்தாள். பதினேழு கிலோ. வாங்கித் தலையில் வைத்துக்கொண்டு அவனுக்கு முன்னால் நடந்தாள்.

ஆறு மாதம் போராடினான். பகலெல்லாம் தரையில் முட்டி, சாயங்காலம் தகர ஷீட்டுக்குக் கீழே நாற்காலியில் முட்டி. முதல் மாதம் பக்கத்து வீட்டுக்காரர்கள் பூனை மாட்டிக்கொண்டதென்று வந்து பார்த்தார்கள். வேட்டி முட்டித் தகட்டில் சிக்கிக் கிழிந்தது, பேண்டுக்கு மாறினான். செருப்போடு மிதித்தால் எந்தப் பெடல் என்று தெரியவில்லை, வெறுங்காலுக்கு மாறினான். மூன்றாவது மாதம் இரண்டு பெடலைச் சேர்த்து மிதித்தபோது தந்திகள் மூன்று ஒன்றாக எழுந்து ஒரு கூட்டு ஓசை வந்தது. சோறு வடித்துக்கொண்டிருந்த மேரி கரண்டியோடு வெளியே வந்து, "இன்னாங்க இது, கோயிலு ஆர்கன் மாரி கீது" என்றாள். அன்றைக்கு அவன் நிஜமாகவே சந்தோஷமாக இருந்தான். ஐந்தாவது மாதத்தில் இளமாறன் வந்து கேட்டுவிட்டு, தலையை ஆட்டி, "தை மாசம் வெள்ளிமலையில ஒரு வரவேற்பு இருக்குது. வாத்தியார் வூட்டுக் கல்யாணம். அதுல வாசிங்க, பாக்கலாம்" என்றான். பாக்கலாம் என்றால் பரீட்சை என்று தைரியநாதனுக்குத் தெரியும்.

இந்த இடத்தில் மேரியின் எண்ணெயைப் பற்றிச் சொல்ல வேண்டும். வருஷா வருஷம் மாதா கோயில் திருவிழாவுக்கு நடந்து போய் மந்திரித்த எண்ணெய் ஒரு பாட்டில் வாங்கி வருவாள். தலைவலிக்கு அதுதான், சுளுக்குக்கு அதுதான். அந்தச் சித்திரையிலிருந்து தினமும் சாயங்காலம் அவன் முட்டிகளில் அதைத் தேய்த்து, வெந்நீரில் துணியை நனைத்துப் பிழிந்து ஒத்தடம் கொடுத்துவந்தாள். வெள்ளிமலைக்குப் போகிற வாரம், ஞாயிற்றுக்கிழமை நல்ல உச்சி வெயிலில், பெட்டியைக் கவிழ்த்து வைத்துத் துடைத்துக்கொண்டிருந்தான் தைரியநாதன். மேரி பாட்டிலோடு வந்து பக்கத்தில் குந்தினாள்.

"இதுக்கும் முட்டி இருக்குது இல்ல, அதுக்கும் கொஞ்சம் போடறேன்."

தகடுகளின் கீலில் விட்டாள். பெடல் கம்பிகளில் விட்டாள். பத்து இரும்பு விரல்களின் இடுக்கிலும், மாதாவே என்று சொல்லிக்கொண்டு, தாராளமாக விட்டாள். அவன் தடுக்கவில்லை. மிதித்துப் பார்த்தபோது முன்னைவிட வழுக்கிக்கொண்டு ஓடியது. இரண்டு பேருக்கும் மகிழ்ச்சி. மார்கழி, தையில் தேங்காயெண்ணெய் பாட்டிலோடு உறைந்துபோகும் என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஆனால் மந்திரித்த எண்ணெயும் தேங்காயெண்ணெய்தான் என்பது அந்த வீட்டில் யாருக்கும் நினைவுக்கு வரவில்லை.

வெள்ளிமலைக்கு வேனில் போனார்கள். இளமாறனும் குழுவில் ஐந்து பேரும் முன்னால், பெட்டிகளுக்கு நடுவில் தைரியநாதனும் மேரியும். இந்தப் பெட்டியின் முதல் மேடையைப் பார்க்க வேண்டுமென்று அவள் ஒரு நாள் வேலையை விட்டுவிட்டு வந்திருந்தாள். கொண்டை ஊசி வளைவுகளில் ஏற ஏறக் காற்று சில்லிட்டது. நாலு மணிக்கே மேலே பனி இறங்க ஆரம்பித்திருந்தது. பள்ளிக்கூட மைதானத்தில் பந்தல், மார்பளவு உயரத்தில் மேடை, படி கிடையாது. குழுவில் மற்றவர்கள் கையை ஊன்றித் தாவி ஏறினார்கள். தைரியநாதனை மேலிருந்து ஒருவன் இழுக்க, கீழிருந்து ஒருவன் தள்ள வேண்டியிருந்தது. பெட்டியை மேரி தலையிலிருந்து மேடை விளிம்பில் இறக்கினாள்.

ஐந்தரை மணிக்கு ஒத்திகை. தைரியநாதன் முதல் பெடலை மிதித்தான். தந்தி ஏறியது. காலை எடுத்தான். தந்தி இறங்கவில்லை. இரண்டாவது பெடலும் அப்படித்தான். முட்டித் தகடு போன பக்கமே நின்றுவிட்டது. பத்துத் தந்தியும் பத்து ஊர்ச் சண்டைபோல ஆளுக்கொரு சுருதியில் நின்றன. வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதை இதுதான். கீபோர்டு வாசிக்கிறவன் வாயைப் பொத்திக்கொண்டு, ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்றான், தைரியநாதன் காதில் விழும்படியாகவே. இளமாறன் வாட்சைப் பார்த்தான்.

"அண்ணா, ஆறரைக்கு மாப்ள பொண்ணு மேடைக்கு வந்துடுவாங்க. அதுக்குள்ள சரியாவுமா? ஆவாதுன்னா ஒரு ஓரமா வச்சிடுங்க."

தைரியநாதன் குனிந்து டார்ச் அடித்துப் பார்த்தான். இரும்பு விரல்களின் இடுக்கெல்லாம் வெள்ளை வெளேரென்று ஆறிப்போன பொங்கலின் மேல் நெய்போல உறைந்திருந்தது. விரலால் தொட்டான், பிசுபிசுத்தது. மோந்து பார்த்தபோது அவன் வீட்டுச் சாயங்கால வாசனை அடித்தது. அவனுக்குக் கோபம் வரவில்லை, சலிப்புத்தான் வந்தது. எழுந்து எங்கேயாவது போய்ப் படுத்துவிட்டால் தேவலை என்றிருந்தது. மேடையை விட்டு இறங்குவதற்கும் யாராவது கைகொடுக்க வேண்டும் என்பது நினைவு வந்து அப்படியே உட்கார்ந்திருந்தான்.

மேடைக்குக் கீழே நின்றுகொண்டிருந்த மேரி அவன் முகத்தைப் பார்த்துக் கிட்டே வந்தாள். "இன்னா ஆச்சி?"

"எண்ண ஒறஞ்சிபோச்சி."

"நான் ஊத்தனதா?"

"நாந்தான் பாத்துக்கினு இருந்தேனே. எனுக்குந்தான் புத்தி இல்ல."

அவள் திரும்பிச் சமையல் பந்தலைப் பார்த்து ஓடினாள். ஐந்து நிமிஷத்தில் ஒரு தூக்கு நிறைய வெந்நீரும் தோளில் ஒரு துண்டுமாக வந்தாள். மேடை விளிம்பில் இரண்டு கையையும் ஊன்றி, புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, ஒரே எம்பில் ஏறினாள். துண்டை நனைத்தாள், பிழிந்தாள், ஆவி பறக்க மடித்து இரும்பு விரல்களின் மேல் அழுத்திப் பிடித்தாள். "மிதிங்க" என்றாள். அவன் மிதித்தான். துண்டு ஆறினால் மறுபடி நனைத்தாள். கூடியிருந்த மலை ஜனங்கள், கச்சேரி இதுதான் போலிருக்கிறது என்று முன்வரிசையில் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். யாரோ ஒரு பெண்மணி, "எந்த எடத்துல வலியாம் அதுக்கு?" என்று கேட்டாள். மேரி, "முட்டியில" என்றாள், சிரிக்காமல். மூன்று தூக்கு வெந்நீர் ஆனது. உருகிய எண்ணெயைத் துடைத்துத் துடைத்து எடுத்தாள். ஆறு இருபதுக்கு அவன் மிதித்து விட்டபோது தந்தி தன் இடத்துக்கு வந்து நின்றது.

அன்றைக்கு அவன் வாசித்ததை எழுதிக் காட்ட முடியாது. மூன்று பாட்டு ஆனதும் கீபோர்டுக்காரன் தன் சத்தத்தைக் குறைத்துக்கொண்டான். நாலாவது பாட்டுக்கு மாப்பிள்ளையின் மாமா மேடைக்கே வந்து, இந்த மேஜை வாத்தியத்தைத் தனியாக ஒரு பாட்டு வாசிக்கச் சொல்லு என்றார். தைரியநாதன் கோயிலில் வாசிக்கிற ஒரு மெட்டை எடுத்தான். இரண்டு பெடலை மிதித்து, முட்டியால் ஒரு இடி கொடுத்து, உருளையை மெதுவாக மேலே நகர்த்தினான். பந்தலில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் கையை இலையில் வைத்தபடியே திரும்பினார்கள். ஒரு பாட்டுக்கும் அவன் ஓரத்தில் சோடா குடித்துக்கொண்டு உட்காரவில்லை. கத்துக்குட்டிகளின் பெட்டி என்று யாருக்கும் தோன்றவில்லை. மெல்வின் சொன்னதுபோல எவனும் குனிந்து பெடலை எண்ணவில்லை.

கச்சேரி முடிந்ததும் சாமான் ஏற்றுவது ஆரம்பித்தது. இளமாறன் குழுவில் தூக்குவதற்கென்று ஆள் கிடையாது. வாசிக்கிறவர்களே ஸ்பீக்கர், ஆம்ப்ளிஃபயர், டிரம் எல்லாவற்றையும் இறக்கி ஏற்ற வேண்டும், முதலாளியும் தூக்குவான். இந்த ஊர்ப் பக்கக் குழுக்கள் எல்லாமே அப்படித்தான். ஆறு பேரும் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். தைரியநாதன் தன் நாற்காலியைக்கூட மடக்க முடியாமல் மேடையிலேயே நின்றுகொண்டிருந்தான். இரண்டு பேர் பிடித்து அவனைக் கீழே இறக்கினார்கள். இளமாறன் ஒரு ஸ்பீக்கரை வேனில் ஏற்றிவிட்டு, துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அவனிடம் வந்தான்.

"அண்ணா, பொய் சொல்ல மாட்டேன். இந்த மாரி ஒரு வாசிப்ப எங்க குழுவுல நான் கேட்டதில்ல." வேன் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்தான். "ஆனா அடுத்த வாரம் சங்கராபுரத்துல மாடி மண்டபம். அதுக்கடுத்தது ரிஷிவந்தியத்துல, அதுவும் மாடி. உங்கள ரெண்டு பேரு தூக்கணும், உங்க பெட்டிய ஒருத்தன் தூக்கணும். ஸ்பீக்கர யாரு தூக்கறது? இருக்கறதே ஆறு பேரு. பசங்க இப்பவே மொணமொணங்குறானுங்க."

எந்த முட்டியைக் காப்பாற்றுவதற்காகத் தைரியநாதன் மூன்று மாதக் கூலியையும் ஆறு மாதச் சாயங்காலங்களையும் கொட்டினானோ, அந்த முட்டி இங்கேயும் குறுக்கே வந்து நின்றது. திங்கட்கிழமை நீலமங்கலத்தில் ஒரு வீட்டுக்குக் குளியலறைத் தரை இருக்கிறது, சின்ன இடம், உள்ளே திரும்பக்கூட முடியாது என்று அவன் மனம் அதற்குள் கணக்குப் போடத் தொடங்கிவிட்டது.

"நான் தூக்கறேன்" என்றாள் மேரி.

இளமாறன் அவளைப் பார்த்தான். "அண்ணி, மாடி..."

"ரெண்டாவது மாடிக்கு ஒரு நடைக்கு எட்டு செங்கல் ஏத்துறவ நான். சாரத்துல ஏத்துறேன், மண்டபத்துல படிக்கட்டு இருக்குமில்ல? அவுரு பெட்டியும் நாந்தான் தூக்குவேன், அவுரு பங்கு ஸ்பீக்கரும் நாந்தான் தூக்குவேன். அவுருக்கும் நான் கை குடுப்பேன். உங்க பசங்க ஒருத்தரும் ஒன்னும் செய்ய வேணாம். நாற்காலிய மட்டும் நீங்க போடுங்க தம்பி."

"உங்களுக்கு வேலை இருக்குதே அண்ணி."

"அது பகல்ல. கச்சேரி சாயங்காலந்தான?"

இளமாறன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டான். பிறகு, "சரி, புதன்கிழம நாலு மணிக்கு வேன் உங்க ஊருக்கு வரும். ரெடியா இருங்க" என்று சொல்லிவிட்டுப் போனான்.

அப்படித்தான் தைரியநாதனுக்கு வேலை கிடைத்தது. அவன் ஆசைப்பட்டது கிடைத்துவிட்டது, இனி அவன் முட்டி தரையைத் தொட வேண்டியதில்லை. மேரி ஏற்கனவே சும்மாட்டைச் சுற்றிக்கொண்டிருந்தாள். அவளுக்கும் நாற்பத்து நான்கு வயது. காலையிலிருந்து வேன் வரும் நேரம் வரை கல்லும் கலவையும் சுமப்பாள், அதற்குப் பிறகு இதையும் சுமப்பாள். அவள் கழுத்தை எந்த டாக்டரும் விளக்கில் வைத்துப் பார்த்ததில்லை, வலிக்கிறதா என்று அவனும் ஒரு நாள்கூடக் கேட்டதில்லை. அது அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. வேண்டாம் மேரி, நான் தரை வேலைக்கே போகிறேன் என்று சொல்ல வேண்டும் என்று நினைத்தான். நெஞ்சாரத்தான் நினைத்தான். அவள் குந்தி, பெட்டியைத் தலைக்கு ஏற்றி, ஒரு கையைத் தொடையில் ஊன்றி மெல்ல எழுந்தாள். எழும்போது அவளுக்கு வாய்விட்டு ஒரு முனகல் வந்தது.

"பாத்துப் போ" என்றான் தைரியநாதன். "அந்தப் பக்கம் கல்லு கெடக்குது."